ஜெர்மனியில் முன்னோர் ஊரும் சர்ச்சும்: புறப்படும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று சொல்லும் அமெரிக்கக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் அந்த ஊரை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். கூடப் போகிற மருமகளோ நண்பரோ தமிழராக இருப்பதும் இப்போது அதிசயமில்லை. அப்படிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் ரைன் நதிக்கரை ஃபால்ட்ஸ் பகுதியிலிருந்து வரும். ஆங்கிலத்தில் பாலடினேட் என்பது அதைத்தான்.

ஏன் எல்லாரும் ஃபால்ட்ஸ் என்றே சொல்கிறார்கள்?

அங்கிருந்து போனவர்கள் அத்தனை பேர். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் அந்தச் சீமை பாழாய்ப் போனது. ஆளில்லாத ஊர்களில் சுவிட்சர்லாந்துக் குடியானவர்கள் வந்து குடியேறி, கொஞ்சம் தலைநிமிர்ந்த நேரத்தில் பிரெஞ்சுப் படை வந்தது. 1689-ல் ஹைடல்பெர்க், மான்ஹைம், ஷ்பையர், வோர்ம்ஸ் என்று வரிசையாகக் கொளுத்தினார்கள். அப்புறம் 1708-09 குளிர்காலம். திராட்சைக் கொடிகளே உறைந்து செத்த குளிர் அது. அந்த 1709-ல் சுமார் 13,000 பேர் ரைன் வழியே இறங்கி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆங்கிலேயர்களுக்குப் புரியவில்லை. கொஞ்சம் பேரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள், கொஞ்சம் பேரை வந்த வழியே திருப்பினார்கள், 1710-ல் சுமார் 3,000 பேரை நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த அலைகள் பெரும்பாலும் பென்சில்வேனியாவை நோக்கிப் போனவை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கால ஆங்கிலக் குறிப்புகளில் ஜெர்மன்காரர் யாராக இருந்தாலும் ‘பாலடைன்’ என்று எழுதிவிடுவார்கள். வூர்ட்டம்பெர்க்காரர், ஹெஸ்ஸன்காரர், நாஸாவ்காரர் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தாளில் பாலடைன் என்று இருப்பதை நம்பி ஃபால்ட்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

‘ஜெர்மனி’ என்று மட்டும்தான் தெரியும். போய் விசாரித்தால் கிடைக்காதா?

கிடைக்காது. ஊர்ப் பெயர் கையில் இல்லாமல் போகிற பயணம் வெறும் சுற்றுலாதான். அதில் தப்பில்லை, ஆனால் எதிர்பார்ப்பு வேறாக இருக்க வேண்டும். ஜெர்மன் பழைய பதிவுகள் ஊர்வாரியாக, சபைவாரியாக இருப்பவை. நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை என்பது கிடையாது.

ஊர்ப் பெயர் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கம்தான். குடும்பம் போய்ச் சேர்ந்த ஊரின் ஜெர்மன் சபைப் பதிவேடு, கல்லறைக் கல், ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு, வீட்டு பைபிளின் முன்பக்கம், இவற்றை முதலில் பாருங்கள். கூடவே வந்த தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் ஆகியோரின் பதிவுகளையும் விடாதீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்க் கூட்டமாகக் குடியேறிய காலம் அது. உங்கள் ஆளின் பதிவில் இல்லாத ஊர்ப் பெயர் அவர் மைத்துனரின் பதிவில் இருக்கும்.

கப்பல் பட்டியல்களைப் பற்றி ஆசை கொஞ்சம் அளவாக இருக்கட்டும். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மன்காரர்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்ததால் அந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் பொதுவாக 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்கள்தான், சொந்த ஊர் பெரும்பாலும் இராது. ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை தப்பிப் பிழைத்திருக்கின்றன, அவற்றில் ஊரும் உண்டு. பிரேமன் பட்டியல்களில் பெரும்பகுதி போய்விட்டது. வைக்க இடமில்லை என்று அலுவலகமே பழையவற்றை அழித்தது, மிச்சத்தில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் போயின.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அது எந்த ஊர் என்று உறுதி செய்வது அடுத்த வேலை. நொய்ஷ்டாட், வைலர், நொய்கிர்ஷன் என்ற பெயர்களில் டஜன் கணக்கில் ஊர்கள் இருக்கின்றன. 1912-13-ல் வெளிவந்த மேயர் ஊர் அகராதி பழைய ஜெர்மன் பேரரசின் சின்னஞ்சிறு குக்கிராமத்தைக்கூடக் காட்டும். அந்த ஊருக்கு எந்தப் பதிவு அலுவலகம், ஊரிலேயே சபை சர்ச் இருந்ததா என்பதும் அதில் தெரியும். இணையத்தில் இலவசம். இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பினால் 1970 வாக்கில் நடந்த ஊராட்சி இணைப்புகளில் பெயர் மறைந்த ஊர்களைத் தவறவிடுவீர்கள்.

தாத்தா ‘பவேரியா’ என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மியூனிக் பக்கம்தானே?

அவசரப்படாதீர்கள். 1816 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை ஃபால்ட்ஸ் பவேரியாவின் பகுதி. நடுவில் வேறு ஆட்சிகளின் நிலம் கிடக்க, மியூனிக்கிலிருந்து ஆளப்பட்ட தூரத்துத் துண்டு அது. 1850-ல் ஃபால்ட்ஸிலிருந்து போனவர் அமெரிக்கக் கணக்கெடுப்பாளரிடம் பவேரியா என்றுதான் சொல்லியிருப்பார். ‘பிரஷ்யா’ என்று எழுதியிருப்பதும் அப்படியே: ரைன் கரையின் கொலோனும் பிரஷ்யா, இன்று ரஷ்யாவில் இருக்கும் கோனிக்ஸ்பெர்க்கும் பிரஷ்யா.

குடும்பப் பெயரை எல்லிஸ் தீவு அதிகாரிகள் மாற்றிவிட்டார்களாமே?

வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை. எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல், பெரும்பாலான ஜெர்மன்காரர்கள் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரிகளும் கப்பலிலிருந்து வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிரப் புதுப் பெயர் சூட்டவில்லை. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்களேதான். மியுல்லர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார், யேகர் யேகர்தான், எழுத்துக்கூட்டல் மட்டும் ஆங்கிலக் காதுக்கு ஏற்ப மாறியது.

தேடும்போது உண்மையில் குழப்புவது முதல் பெயர்தான். ஒரு வீட்டில் மூன்று பையன்களுக்கும் யோஹான் என்றே ஞானஸ்நானம் நடந்திருக்கும்: யோஹான் பீட்டர், யோஹான் யாக்கோப், யோஹான் கேயார்க். கூப்பிடுவது இரண்டாவது பெயரை. அமெரிக்காவில் ஜார்ஜ் என்று இருந்தவரை இங்கே கேயார்க் என்று தேட வேண்டும். பழைய பதிவுகளில் பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேரும். மியுல்லரின் என்பவர் மியுல்லர் வீட்டுப் பெண்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கத்தானே ஊர் சர்ச்சுக்குப் போகிறோம்?

இந்த எண்ணத்தோடு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய பதிவேடுகள் பெரும்பாலும் ஊரில் இல்லை, மத்தியக் காப்பகத்துக்குப் போய்விட்டன. ஃபால்ட்ஸ் புராட்டஸ்டண்ட் சபைகளின் ஏடுகளுக்கு ஷ்பையரில் இருக்கும் சபைக் காப்பகம், கத்தோலிக்க ஏடுகளுக்கு அதே ஊரில் மறைமாவட்டக் காப்பகம். அங்கேயும் மூல ஏட்டைத் தூக்கிக் கையில் கொடுப்பது அபூர்வம். நகல்தான், திரையில்தான்.

அதனால் ஏட்டு வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு 2015-ல் தொடங்கிய ஆர்கியான் தளம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஒரு மாதம் எடுத்தால் போதும். கத்தோலிக்க ஏடுகள் பல மறைமாவட்டங்களுக்கு மாட்ரிகுலா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சத் தேடல் தளத்திலும் நிறைய உண்டு. சில ஊர்களுக்கு, பதிவேட்டில் உள்ள எல்லாக் குடும்பங்களையும் அகர வரிசையில் தொகுத்த ஊர்க் குடும்பப் புத்தகம் இருக்கும். அது உங்கள் ஊருக்கு வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதுவரை பின்னால் போகலாம்? அரசுப் பதிவு பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1-ல் தொடங்கியது. ரைனுக்கு மேற்குக் கரையில் மட்டும் பிரெஞ்சு ஆட்சி காரணமாக 1798 முதலே உண்டு. ஃபால்ட்ஸ் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த முறையில் கல்யாணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோரும் வருவார்கள். அதற்கு முன்னால் சபை ஏடுகள்தான். பல சபைகள் 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியிருந்தாலும், மேலே சொன்ன போர்களில் எரிந்தது போக, ஃபால்ட்ஸில் 1650-க்கு முன்னால் தொடர்ச்சியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சமீப காலப் பதிவுகளுக்கு எதிர்த் தடை: பிறப்பு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கடந்தால்தான் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குள் என்றால் நேர் வாரிசு என்று காட்ட வேண்டும்.

அந்தக் கையெழுத்தைப் படிக்கவே முடியவில்லையே?

குர்ரென்ட் என்ற பழைய எழுத்து அது. இன்றைய ஜெர்மன்காரர்களில் பெரும்பாலோருக்கும் படிக்கத் தெரியாது, அதனால் கூச்சப்பட வேண்டாம். எழுத்து வரிசை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் குடும்பப் பெயரை மட்டும் அந்த எழுத்தில் பத்து முறை எழுதிப் பாருங்கள், கண் பழகிவிடும். கத்தோலிக்க ஏடுகள் லத்தீனில் இருக்கும். சொற்கள் திரும்பத் திரும்ப வருபவைதான்.

ஒரே ஊரில் இரண்டு சர்ச் இருக்கிறது. எங்கள் குடும்பத்துடையது எது?

ஃபால்ட்ஸில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். சீர்திருத்த சபையான கால்வின் வழி, லுத்தரன் வழி, கத்தோலிக்கம் மூன்றும் ஆளும் பிரபு மாறும்போதெல்லாம் மேலும் கீழுமாகப் புரண்ட சீமை அது. 1685-ல் ஆட்சி ஒரு கத்தோலிக்கக் கிளைக்குப் போனது. 1698-ல் இளவரசர் யோஹான் வில்ஹெல்ம், சீர்திருத்த சபையின் சர்ச்சுகளைக் கத்தோலிக்கரும் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டார். ஒரே கட்டடத்தில் காலையில் ஒருவர் ஆராதனை, அப்புறம் மற்றவர் பூசை. சண்டை வராமல் இருக்குமா? சில இடங்களில் நடுவில் சுவரே எழுப்பிவிட்டார்கள். நொய்ஷ்டாட் ஆன் டெர் வைன்ஷ்ட்ராஸ ஊரின் ஷ்டிஃப்ட்ஸ்கிர்ஷயில் 1708-ல் எழுப்பிய சுவர் இன்றும் நிற்கிறது. பலிபீடப் பக்கம் கத்தோலிக்கருக்கு, மக்கள் அமரும் கூடம் புராட்டஸ்டண்டுகளுக்கு. ஹைடல்பெர்க் பரிசுத்த ஆவி சர்ச்சிலும் 1706 முதல் சுவர் இருந்தது, அதை 1936-ல்தான் எடுத்தார்கள். முன்னோர் ஊர் வேறாக இருந்தாலும் நொய்ஷ்டாட் சுவரை ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் ஏன் மூட்டை கட்டினார்கள் என்பதில் பஞ்சத்தோடு இதற்கும் பங்கு உண்டு.

தேடுவதற்கு இதில் கவனிக்க வேண்டியது: 1818-ல் ஃபால்ட்ஸின் லுத்தரன், சீர்திருத்த சபைகள் இரண்டும் ஒன்றாக இணைந்தன. அதற்கு முன் இரண்டுக்கும் தனித்தனி ஏடு. இன்று ‘புராட்டஸ்டண்ட் சர்ச்’ என்று ஒன்றே ஒன்று இருக்கும் ஊரில் 1750-ல் இரண்டு இருந்திருக்கலாம், ஒன்று இன்று கிடங்காகவோ வீடாகவோ மாறியிருக்கலாம். சின்னச் சபைகளுக்குச் சொந்த சர்ச் இல்லாமல் பக்கத்து ஊருக்கு நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் குடும்பம் எந்தச் சபையில் சேர்ந்தது என்பது நல்ல துப்பு, முடிவான சாட்சி அல்ல. கணவர் ஒரு சபை, மனைவி வேறு சபை, பையன்கள் அப்பா வழி, பெண்கள் அம்மா வழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஒரு ஏட்டில் பிள்ளைகளில் பாதியைக் காணோம் என்றால் மற்ற ஏட்டைத் திறந்து பாருங்கள்.

போனால் சர்ச் பூட்டியிருக்குமா?

புராட்டஸ்டண்ட் கிராம சர்ச் என்றால் வார நாளில் பெரும்பாலும் பூட்டுதான். கத்தோலிக்க சர்ச் பகலில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே போதகர் மூன்று நான்கு ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார், அதனால் ‘ஐயர் வீடு பக்கத்தில்தானே’ என்று போனால் அங்கே வேறு யாரோ வாடகைக்கு இருப்பார்கள்.

ஒரு மாதம், இரண்டு மாதம் முன்பே சபை அலுவலகத்துக்கு ஜெர்மனில் சின்னக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். யார், எந்தக் குடும்பம், எந்த நாள், சர்ச்சுக்குள் அரை மணி நேரம் பார்க்க முடியுமா, அவ்வளவு போதும். வம்ச வரலாற்றைப் பத்துப் பக்கம் எழுதாதீர்கள், பதில் வராது. சாவி பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற யாரிடமாவது இருக்கும். கடிதத்துக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு ஆராதனைக்குப் போய்விடுவது நிச்சயமான வழி. சுற்று முறையில் நடப்பதால் அந்த வாரம் எந்த ஊர், எத்தனை மணி என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் பத்து இருபது பேர்தான் இருக்கும், புதுமுகத்தைக் கட்டாயம் கவனிப்பார்கள், முடிந்ததும் யாராவது வந்து பேசுவார்கள். காணிக்கைப் பெட்டியில் மனமிருந்தபடி போடுங்கள். சாவி கொண்டுவந்தவர் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள், சங்கடப்படுவார்.

உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஞானஸ்நானத் தொட்டி. கட்டடம் 19-ஆம் நூற்றாண்டில் இடித்துக் கட்டப்பட்டதாக இருந்தாலும் கல் தொட்டியை மட்டும் பழையதிலிருந்து எடுத்து வைத்திருப்பார்கள். சில ஊர்களில் தூக்கி வெளியே தோட்டத்தில் போட்டிருந்து பிறகு உள்ளே கொண்டுவந்ததும் உண்டு. ஏட்டில் உங்கள் ஆளின் ஞானஸ்நானத் தேதி கையில் இருந்து, தொட்டி அதற்கு முந்தைய காலத்தது என்று தெரிந்தால், அந்தக் குழந்தையின் தலையில் தண்ணீர் விட்ட இடம் அநேகமாக அதுதான். முழுப் பயணத்திலும் இவ்வளவு திட்டமாகச் சொல்லக்கூடிய இடம் வேறு அமையாது. இதற்காகவே போகலாம் என்பேன்.

கோபுரத்தின் அடிப்பகுதி பெரும்பாலும் கட்டடத்தின் மற்றப் பகுதிகளைவிட மிகப் பழையது. சுவரில் பதித்த கல்லறைப் பலகைகள் பிரபுக்களுக்கும் போதகர்களுக்கும் உரியவை, குடியானவர் பெயர் அங்கே இராது. மணிகள் பழையவை என்று நினைக்காதீர்கள். இரண்டு உலகப் போர்களிலும் உலோகத்துக்காகக் கழற்றிக்கொண்டு போய் உருக்கினார்கள், இன்று ஒலிப்பவை பெரும்பாலும் 1945-க்குப் பிறகு வார்த்தவை. வாசலில் அல்லது மைதானத்தில் போர் நினைவுக் கல் இருக்கும், 1914-18, 1939-45 பெயர்களோடு. உங்கள் குடும்பப் பெயர் அதில் இருந்தால், கப்பலேறாமல் தங்கிவிட்ட கிளை ஒன்று குறைந்தது அந்தக் காலம் வரை ஊரில் இருந்தது என்று அறியலாம்.

முன்னோர் கல்லறை எங்கே இருக்கும்?

இராது. மன்னிக்கவும், ஆனால் இதை விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியில் கல்லறை இடம் வாங்குவதல்ல, வாடகை மாதிரி. 20, 25, 30 ஆண்டு என்று ஊருக்கு ஊர் விதி. காலம் முடிந்ததும் குடும்பம் நீட்டிக்காவிட்டால் கல்லை அகற்றி அதே இடத்தில் வேறொருவரைப் புதைப்பார்கள். கல்லில் ‘குடும்பத்தார் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்’ என்று சின்ன ஒட்டுச்சீட்டைப் பார்த்தால் அதன் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். 1740-ல் செத்தவரின் கல் மட்டுமல்ல, 1940-ல் செத்தவரின் கல்லைப் பார்ப்பதே கடினம். அமெரிக்காவில் 300 ஆண்டுக் கல்லறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நெஞ்சில் அடிக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது சாதாரணம், அவர்களிடம் குறைபடாதீர்கள். அந்தக் காலத்தில் புதைத்தது பெரும்பாலும் சர்ச்சைச் சுற்றிய நிலத்தில். இன்று புல் முளைத்திருக்கும் அந்த மண்தான் அவர்கள் கல்லறை.

விதிவிலக்கு இரண்டு. போர் வீரர் கல்லறைகளுக்குச் சட்டப்படி நிரந்தர உரிமை உண்டு. யூதக் கல்லறைத் தோட்டங்களையும் அவர்கள் மார்க்கப்படி ஒருபோதும் கலைப்பதில்லை. முன்னோர் யூதராக இருந்தால் சர்ச்சில் தேட வேண்டியது எதுவுமில்லை, ஊருக்கு வெளியே காட்டோரம் இருக்கும் கல்லறைத் தோட்டம்தான் உங்கள் இடம். சாவி பெரும்பாலும் நகராட்சியிடம் இருக்கும். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போவது முறை, சனிக்கிழமை தவிர்க்கவும். வோர்ம்ஸில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்லோடு இருக்கும் தோட்டம் 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

குடும்பம் வாழ்ந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம். மரச்சட்டமிட்ட பழைய வீடுகளின் வாசல் மேல்கல்லில் கட்டியவர் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் செதுக்கியிருக்கும். ஊரில் பெரியவர்கள் வீடுகளுக்கு வழங்கும் பெயர் ஒன்று இருக்கும், இன்று வசிப்பவரின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நிலப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்டமாட்டார்கள், சட்டப்படி தகுந்த காரணம் வேண்டும். வீட்டைக் கண்டுபிடித்தாலும் தெருவில் நின்று பாருங்கள், மணியடித்துக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது எந்த நாட்டிலும் அழகல்ல.

ஊர்க்காரர்கள் நம்மை வரவேற்பார்களா? தூரத்துச் சொந்தம் இருந்தால்?

ஊர்த் தலைவர் சம்பளமில்லாத பொறுப்பில் இருப்பவர், பகலில் வேறு வேலை பார்ப்பவர். ஆனால் ஊர் வரலாற்றில் பித்துப் பிடித்த ஒருவர் அநேகமாக எல்லா ஊரிலும் இருப்பார், அவரிடம் உங்களைச் சேர்ப்பித்துவிடுவார் தலைவர். அந்த ஆள் கிடைத்துவிட்டால் போதும். பல ஊர்களில் வாராந்திர உள்ளாட்சி இதழ் உண்டு. ‘இன்ன குடும்பத்தைத் தேடி இன்ன நாளில் வருகிறோம்’ என்று நாலு வரி போடச் சொல்லிக் கேட்கலாம்.

பெரியவர்களை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், ‘ஹெர்’, ‘ஃப்ராவ்’ சேர்த்துக் குடும்பப் பெயர்தான். மூன்று மூன்றரை மணிக்கு காபி, கேக்குக்குக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குப் போங்கள், பூவோ இனிப்போ கொண்டுபோங்கள். சொந்தம் என்று தெரிந்தவுடன் கட்டிப்பிடிக்கும் ஊர் அல்ல. எட்டு தலைமுறைக்கு முன் பிரிந்த உறவு அவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம், அவ்வளவுதான். பென்சில்வேனியா டச்சு பேசத் தெரிந்த குடும்பமாக இருந்தால் கதையே வேறு. ஃபால்ட்ஸ் வட்டார வழக்கோடு நெருங்கிய பேச்சு அது, கிழவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

கையில் குடும்ப மரத்தின் நகல் இரண்டு மூன்று கொண்டுபோங்கள். ஊர்க் குடும்பப் புத்தகத்தில் பல பேரின் குறிப்பு ‘அமெரிக்காவுக்குப் போனார்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியாது. வரலாற்றுப் பித்தருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய சிறந்த பரிசு அதுதான்.

ஒரு எச்சரிக்கை: கால்ஷ்டாட் என்ற சுமார் 1,200 பேர் வாழும் திராட்சை ஊரிலிருந்து 1885-ல் பதினாறு வயதில் கிளம்பியவர் டொனால்ட் டிரம்ப்பின் தாத்தா ஃப்ரீட்ரிஷ். கெட்சப் புகழ் ஹெய்ன்ஸின் தந்தையும் அதே ஊர்க்காரர். பேரன் அதிபரானதும் கேமராக்கள் வந்து இறங்கியதில் ஊர்க்காரர்கள் அலுத்துப்போனார்கள். அங்கே போனால் அரசியல் பேசாமல், பன்றி வயிற்றில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்துச் செய்யும் ஸாவ்மாகன் சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். சைவர்களுக்கு வைன் கடை மெனுவில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் கிடைக்கும்.

ஹிட்லர் காலத்தைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம், முதல் சந்திப்பில் வேண்டாம். பொதுவாக ஜெர்மன்காரர்கள் அந்தக் காலத்தை மறைப்பவர்கள் அல்ல, பள்ளியிலேயே விரிவாகப் படிக்கிறார்கள். ஆனால் ‘உங்கள் தாத்தா என்ன செய்தார்’ என்பது வேறு கேள்வி. தெருவில் வீட்டு வாசலருகே பித்தளைத் தகடு பதித்த சிறு கற்களைக் கண்டால் குனிந்து படியுங்கள். நாஜிகளால் துரத்தப்பட்டு, கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவை, குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய பணி.

ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது என்கிறார்கள்?

சைலீசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யாவாக இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான், கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதி மட்டும் ரஷ்யாவில். 1945-க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மன்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊர்ப் பெயர் மாறியது, லுத்தரன் சர்ச் கத்தோலிக்க சர்ச் ஆனது. தஞ்சாவூர்க்காரர்கள் அறிந்த சுவார்ட்ஸ் ஐயர் 1726-ல் பிறந்த ஸோன்னன்பூர்க் இன்று போலந்தின் ஸ்வோன்ஸ்க். தப்பிய அரசுப் பதிவுகளில் ஒரு பகுதி பெர்லின் முதலாம் பதிவு அலுவலகத்தில், கத்தோலிக்க ஏடுகள் பலவற்றின் நகல் ரேகன்ஸ்பூர்க் மறைமாவட்டக் காப்பகத்தில், மற்றவை போலந்துக் காப்பகங்களில். அங்கே இருப்பவர்களுக்கும் உங்கள் முன்னோருக்கும் உறவில்லை, அவர்களில் பலரின் தாத்தாக்களும் வேறிடத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். வீட்டை மீட்க வந்திருக்கிறோமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வராமல் பேசத் தெரிய வேண்டும்.

பிரேமர்ஹாஃபன் குடியேற்ற அருங்காட்சியகம் அவசியமா?

1830-க்குப் பிறகு போனவர் என்றால் போங்கள், அந்தத் துறைமுகம் வழியாக 1974 வரை 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறியிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஃபால்ட்ஸ்காரர் என்றால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. படகில் ரைன் வழியாக, முப்பதுக்கும் மேற்பட்ட சுங்கச் சாவடிகளில் நின்று நின்று, வாரக்கணக்கில் ராட்டர்டாம் போய் அங்கிருந்து கப்பல் ஏறினார். அந்தப் பாதையைத் தொட ஆசையா? பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுற்றுலாப் படகில் போனால் போதும், கரையில் நிற்கும் கோட்டைகளில் சில அப்படிச் சுங்கம் வசூலித்தவைதான்.

தமிழருக்கு இதில் சொந்தமாக ஏதாவது உண்டா?

ஹாலே நகரம். அங்கே ஃப்ராங்கே என்ற லுத்தரன் போதகர் 1698-ல் தொடங்கிய பள்ளி, அநாதை இல்ல நிறுவனத்தின் தொடர்பில்தான் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதே ஹாலேயிலிருந்து 1742-ல் பென்சில்வேனியா ஜெர்மன்காரர்களுக்காக ஹைன்ரிஷ் மெல்ஹியோர் மியூலன்பெர்க் என்ற போதகரை அனுப்பினார்கள். பென்சில்வேனியா லுத்தரன் முன்னோரைத் தேடுகிறவருக்கு அந்தக் காப்பகத்தில் வேலை உண்டு, அதே கட்டடத்தில் தமிழ்ப் பனை ஓலைச் சுவடிகளும் இருக்கின்றன. குடும்பத்தில் இரண்டு பக்கமும் இருந்தால் ஒரு நாள் ஒதுக்கலாம்.

குடியுரிமை கிடைக்குமா?

18-ஆம், 19-ஆம் நூற்றாண்டில் போனவர் பேரில் கிடைக்காது. 1871 முதல் 1913 வரை நடப்பில் இருந்த சட்டப்படி பத்தாண்டு வெளிநாட்டில் இருந்தாலே பொதுவாகக் குடியுரிமை போய்விடும். நாஜி ஆட்சி பறித்த குடியுரிமை என்றால் வாரிசுகளுக்கு வழி இருக்கிறது, அதற்குத் தூதரகத்தைக் கேளுங்கள்.

எப்போது, எப்படிப் போவது?

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்டில் போதகரும் அலுவலக அம்மாவும் விடுமுறையில் இருப்பார்கள். ஊரின் ‘கெர்வ’, அதாவது சர்ச் பிரதிஷ்டைத் திருவிழா எந்த வாரம் என்று பார்த்து அதற்கேற்ப வைத்தால் ஊரே ஒரே இடத்தில் இருக்கும், பேச ஆள் தேட வேண்டாம். ஆனால் அந்த வாரம் தங்க இடம் முன்பே பிடித்துவிடுங்கள்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் ஃபால்ட்ஸுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ரயிலில் நொய்ஷ்டாட் வரை சுகமாகப் போகலாம், அதற்கு அப்பால் ஊர்ப் பேருந்து ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் ஓடாது. முன்பே போனில் சொல்லி வைக்கும் டாக்ஸிப் பேருந்து சில பகுதிகளில் உண்டு. ஒரு ஊருக்கு முழுதாக ஒரு நாளும் மறுநாள் காலையும் வையுங்கள், ஏனென்றால் சாவிக்காரர் ‘இன்றைக்கு முடியாது, நாளை பத்து மணிக்கு வாருங்கள்’ என்பார். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ரொட்டிக் கடை மட்டும் காலையில் கொஞ்ச நேரம். சனிக்கிழமை சாயங்காலமே தண்ணீரும் சாப்பாடும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.